பதினொன்று சி-க்கு வர வேண்டிய சாப்பாடு

என் மாமியார் நஞ்சம்மா உட்கார்ந்து நான் பார்த்தது குறைவு. பாகலூரில் அவர் வீட்டுக்குப் போனால் எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க மாப்ள" என்று சொல்லிவிட்டு, அவர் அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடக்க ஆரம்பித்துவிடுவார். பேச்செல்லாம் நடந்துகொண்டேதான். தெருவில் யார் செத்தார்கள், யார் பெண்ணுக்கு வரன் வந்திருக்கிறது, யார் தோட்டத்தில் போர் வற்றிப்போனது, எல்லாம் போகும்போது பாதி, வரும்போது பாதியாக வந்து சேரும். கேட்கிறவனுக்குக் கழுத்து வலிக்கும். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அவர் முகத்தைவிட முதுகைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

ஓசூர் சிப்காட்டில் பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியின் கேன்டீனில் பத்தொன்பது வருஷமாகப் பரிமாறுகிறார். கான்ட்ராக்ட் வேலை. தலையில் வலைத் தொப்பி, பச்சை ஏப்ரன், கையில் சாம்பார் கரண்டி. தட்டை நீட்டுகிற விதத்திலேயே, இவன் ராத்திரி ஷிஃப்ட் முடித்துவிட்டு ஓவர்டைம் பார்க்கிறவன், இவன் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு வந்தவன் என்று சொல்லிவிடுவார். தட்டில் சோற்றை மிச்சம் வைத்துவிட்டு எழுந்திருப்பவன், மேனேஜராக இருந்தாலும், அடுத்த நாள் அரைக் கரண்டிதான் வாங்குவான். தமிழனுக்குத் தமிழில், கன்னடக்காரனுக்குக் கன்னடத்தில், சூளகிரிப் பக்கத்து ஆட்களுக்குத் தெலுங்கில் என்று மூன்று பாஷையிலும் திட்டு உண்டு. இப்போது பீகார்ப் பையன்களுக்காக இந்தியிலும் நாலு வார்த்தை சேர்த்திருக்கிறார்.

அவருடைய சாப்பாட்டு நேரம் மூன்றேகால். இரண்டாவது பந்தி முடிந்து, பாத்திரங்களைக் கழுவுகிற இடத்தில் இறக்கிய பிறகு, குழாய்ப் பக்கம் நின்றபடியே, இடது கையில் தட்டைப் பிடித்துக்கொண்டு, அடிச்சோற்றில் மிஞ்சிய சாம்பாரை ஊற்றிச் சாப்பிடுவார். வீட்டிலும் அதே கதை. மாமனார், பிறகு நான், பிறகு என் மனைவி பிரவீனா, கடைசியில் அடுப்பு மேடையோரம் அவர். இதைப் பற்றி நான் ஒரு தடவை கேட்டிருக்கிறேன். உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது என்றார். நல்ல பதிலாகத் தோன்றியதால் நான் தொடர்ந்து சாப்பிட்டேன். எனக்கு இப்போது அதை நினைத்தால் என் மேலேயே கோபமாக வருகிறது.

போன வருஷம் தொடர்ந்து நான்கு நாள் லீவு கிடைத்தபோது டெல்லி, ஆக்ரா போகலாம் என்று பிரவீனா ஆரம்பித்தாள். மாமனார் கோவிந்தப்பன் ரோஜாத் தோட்டக்காரர். கொல்லையை விட்டு நகராத மனிதர். விமானம் என்றதும் அவரே சரி என்றுவிட்டார். அத்தை மட்டும் பிடி கொடுக்கவில்லை. சூப்பர்வைசர் லீவு தரமாட்டான், மாட்டைப் பார்க்க ஆளில்லை, முழங்கால் வலிக்கிறது என்று தினத்துக்கு ஒரு காரணம் வந்தது. மாட்டுக்கு ஆள் பார்த்துக் கொடுத்த அன்றைக்குத் தலைசுற்றல் வந்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டில் உட்கார்ந்துதான் டிக்கெட் போட்டேன். இருப்பதிலேயே மலிவான டிக்கெட். அந்த மாதிரி விமானத்தில் தண்ணீரைத் தவிர எதுவும் சும்மா வராது. ஜன்னல் சீட்டுக்குத் தனி, பெட்டிக்குத் தனி, சாப்பாட்டுக்குத் தனி. ஒவ்வொரு பக்கத்திலும் எதையாவது நம் தலையில் கட்டப் பார்ப்பான். வேண்டாம், வேண்டாம் என்று நான் தட்டித் தள்ளிக்கொண்டே போனேன். அப்போது அடுப்படியிலிருந்து வந்த அத்தை என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். அவர் நின்றதே அதிசயம். போனில் ஒரு படம் இருந்தது. மூடி திறந்த பெட்டியில் ஆவி பறக்கிற சாப்பாடு, பக்கத்தில் சின்னக் கிண்ணத்தில் இனிப்பு, காகிதத்தில் சுற்றிய கரண்டி.

"இதை யாரு போய் வாங்கிக்கினு வர்றது மாப்ள?" என்று கேட்டார்.

"யாரும் போக வேணாம் அத்தை. அங்க வேலை செய்யற பொண்ணுங்களே கொண்டாந்து குடுப்பாங்க."

"உக்காந்த எடத்துக்கா?"

"உக்காந்த எடத்துக்குத்தான். நம்மள எந்திரிக்கவே விடமாட்டாங்க."

அவர் அடுப்படிக்குப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் பிரவீனா உள்ளேயிருந்து வந்து, அந்தச் சாப்பாடு தனக்கு உண்டென்றால் அம்மா வருகிறேன் என்கிறாள் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். பிறகு அவள் சிரிப்பு நின்றுபோனது. அம்மா இதுவரைக்கும் தன்னிடம் எதுவும் வேண்டும் என்று கேட்டதில்லை என்றாள்.

எந்தச் சாப்பாடு என்பதில் அத்தை கறாராக இருந்தார். இட்லியா? காலையில் ஆயிரத்து இருநூறு இட்லி எண்ணி வைக்கிறவளுக்கு அது வேண்டாம். பிரியாணி கேன்டீனில் வெள்ளிக்கிழமை. ராஜ்மா வியாழக்கிழமை. தான் இதுவரைக்கும் கரண்டியில் எடுக்காத பண்டம் எது இருக்கிறது என்று கேட்டார். பாஸ்தா என்று ஒன்று இருந்தது. அது என்ன பண்டம் என்று அவருக்குத் தெரியாது. பெயரை இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டு, அதையே போடச் சொன்னார். நஞ்சம்மா பெயரில் ஒரே ஒரு பாஸ்தா போட்டேன். மற்ற மூவருக்கும் எலுமிச்சை சோறு கட்டிக்கொள்வது என்று முடிவாயிற்று. மாமனாருக்குக் களி இல்லாமல் ஆகாது. அதுவும் நான்கு உருண்டை. எல்லாவற்றையும் கிளறிக் கட்டப்போவது யார் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

அடுத்த மூன்று வாரமும் சிப்காட் முழுக்க இதே பேச்சு. பிளேனில் சாப்பாடு தன் இடத்துக்கே வரும் என்று வரிசையில் வந்த அத்தனை பேரிடமும் அத்தை சொல்லியிருக்கிறார். நஞ்சம்மாவுக்கே பரிமாற ஒரு ஆளா என்று பையன்கள் கிண்டலடித்தார்களாம்.

கிளம்பின அன்று விடிகாலையில் காரில் ஏறினோம். அத்தை ஒரு டம்ளர் டீயோடு நிறுத்திக்கொண்டார். அத்திப்பள்ளி தாண்டும்போது பிரவீனா பிஸ்கட் நீட்டினாள். வேண்டாம், அங்கே வரும் என்றார். சில்க் போர்டு நெரிசலில் நின்றபோது, டிக்கெட்டில் சாப்பாடு போட்டிருக்கிறதா என்று என்னைக் கேட்டார். விமான நிலையத்து வாசலில் மறுபடி கேட்டார். போர்டிங் பாஸில் பொடி எழுத்தில் இருந்ததைக் காட்டினேன். அதைப் பர்ஸில் வைக்கவில்லை; கையிலேயே பிடித்துக்கொண்டார்.

சோதனை செய்கிற இடத்தில் எங்கள் பை நின்றுபோனது. எக்ஸ்ரேயில் நான்கு கெட்டியான உருண்டைகள் தெரிந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? வடக்கத்தி ஆள் ஒருவர் தூக்குவாளியைத் திறந்து, ஒரு உருண்டையை விரலால் அமுக்கிப் பார்த்தார். மாமனார் களி, களி என்று சத்தமாகச் சொன்னார். களி என்றால் நம் ஊரில் ஜெயிலும் ஞாபகத்துக்கு வரும், எனக்கு வியர்த்துவிட்டது. அத்தை முன்னால் போய், பக்கத்தில் நின்ற கன்னடத்துப் பெண் காவலரிடம், களிக்கு அவர்கள் சொல்கிற முத்தே என்ற ஒரு வார்த்தையைச் சொன்னார். அந்தப் பெண் சிரித்துவிட்டார். களியை விட்டார்கள், கடலைச் சட்னியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். மாமனாரின் முகம் செத்துப்போனது.

சீட்டுக்குக் காசு கட்டாததால் எங்களைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். பிரவீனாவும் மாமனாரும் இருபத்தேழாவது வரிசையில். நானும் அத்தையும் பதினொன்றில். எனக்கு நடு சீட், அவருக்கு நடைபாதை ஓரம். ஜன்னல் பக்கம் காதில் எதையோ மாட்டிக்கொண்டு ஒரு தடித்த ஆள். மாமியாரும் மருமகனும் தோளோடு தோள் இடிக்க உட்காருவது எங்கள் வீட்டில் நடக்காத காரியம். அவர் சீட்டின் நுனியில், சாயாமல், பஸ் நின்றால் இறங்கத் தயாராக இருப்பவர் போல உட்கார்ந்திருந்தார். நான் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

பெல்ட் மாட்டத் தெரியாமல் விமானப் பணிப்பெண் ஒருத்தியைக் கூப்பிட்டு அத்தை கன்னடத்தில் கேட்டார். அவள் கோலார் பக்கத்துப் பெண். பெல்ட்டைப் பூட்டுவதற்குள் அவள் ஊர், அப்பா என்ன செய்கிறார், வேலைக்குச் சேர்ந்து எத்தனை வருஷம் என்று அத்தை வாங்கிவிட்டார். விமானம் மேலே ஏறுவதற்குள் முன்னால் இருந்த தட்டுப் பலகையைப் பிரித்துப் போட்டார். அந்தப் பெண் வந்து மடிக்கச் சொன்னாள். மடித்தார். பெல்ட் விளக்கு அணைந்ததும் திரும்பப் பிரித்து, முந்தானையால் துடைத்தார். துடைத்ததையே இன்னொரு முறை துடைத்தார்.

முன்கூட்டியே சொன்னவர்களுக்குத்தான் முதலில் கொடுப்பார்கள். அந்தப் பெண்ணும் இன்னொருத்தியும் வண்டியைத் தள்ளிக்கொண்டு முன் வரிசையிலிருந்து கிளம்பினார்கள். அத்தை கழுத்தை நீட்டிப் பார்த்தபடி இருந்தார். எட்டாவது வரிசைக்கு வந்திருப்பார்கள், விமானம் குலுங்க ஆரம்பித்தது. பெல்ட் போடச் சொல்லி அறிவிப்பு வந்தது. வண்டி பின்பக்கம் போய்விட்டது. நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். குலுக்கல் இருபது நிமிஷம் இருந்திருக்கும். அடங்கியதும் கோலார்ப் பெண் கையில் பட்டியலோடு தனியாக வந்தாள். யாருக்குக் கொடுத்தோம், யாருக்கு இல்லை என்று அவளுக்கே குழம்பியிருக்க வேண்டும். எங்கள் வரிசையில் நின்று, குனிந்து கேட்டாள்.

"அம்மா, ஊட்டா ஆய்த்தா?"

"ஆய்த்தும்மா. நிம்து ஆய்த்தா?"

"ஆய்த்தும்மா," என்று சிரித்தபடி பட்டியலில் ஒரு டிக் போட்டுவிட்டு அவள் போய்விட்டாள்.

எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஊட்டா ஆய்த்தா என்றால் சாப்பாடு ஆயிற்றா என்று அர்த்தம். ஆனால் யாரும் அதைச் சாப்பாட்டுக்காகக் கேட்பதில்லை. வணக்கத்துக்குப் பதில் கேட்பார்கள். பஸ் ஸ்டாண்டில் கேட்பார்கள், சாவு வீட்டிலும் கேட்பார்கள். ஆயிற்று என்று சொல்லிவிட்டு உங்களுக்கு என்று திருப்பிக் கேட்பதுதான் மரியாதை. இரண்டு நாள் பட்டினி கிடந்தாலும் நானும் ஆய்த்து என்றுதான் சொல்லியிருப்பேன். அதனால்தான், காதில் தெளிவாக விழுந்தும், எனக்கு எதுவும் உறைக்கவில்லை. எனக்குப் பெரிய குவாலிட்டி இன்ஸ்பெக்டர் என்று பெயர். வார்ப்பில் மயிரிழை விரிசலைக் கண்டுபிடிப்பேன்.

அத்தை காத்திருந்தார். விற்பனை வண்டி வந்தது. சாண்ட்விச், முந்திரிப் பாக்கெட், வெந்நீர் ஊற்றிக் கிளறுகிற உப்புமா, காகிதக் கப்பில் டீ. தடித்த ஆள் உப்புமா வாங்கி மூடிவைத்துவிட்டு, அது வேகும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தைக்கு ஒரு டீயாவது வாங்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், தனக்கு வரும் என்றார். வண்டி அவர் முழங்கையை உரசிக்கொண்டு போயிற்று. யார் தட்டில் என்ன இருக்கிறது, யாருக்கு இன்னும் வரவில்லை என்று பந்தியைப் பார்ப்பதுபோல் முன்னும் பின்னும் பார்த்தார். பலகையை மடித்தார், பிரித்தார். எழுந்து நின்றார், உட்கார்ந்தார். நேரம் ஒன்று ஆகிவிட்டது. விடிகாலை டீக்குப் பிறகு அவர் வயிற்றில் ஒன்றுமில்லை.

கடைசியில் குப்பைப் பை வந்தது. கோலார்ப் பெண் கையுறை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரிசையிலும் காலிப் பெட்டிகளை வாங்கிப் போட்டபடி வந்தாள். எங்கள் வரிசையில் பையை நீட்டினாள். தடித்த ஆள் உப்புமாக் கப்பைப் போட்டார். அத்தையின் பலகையில் எதுவும் இல்லை. அவள் ஒரு கணம் பார்த்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போனாள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. உடனே கோபம் தலைக்கு ஏறிவிட்டது. பணம் கட்டியிருக்கிறோம், பட்டியலில் பெயர் இருக்கிறது, இவர்கள் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருமிக்கொண்டே தலைக்கு மேலே இருந்த பொத்தானை அமுக்கக் கையைத் தூக்கினேன். அத்தை என் மணிக்கட்டைப் பிடித்தார். ஆறு வருஷத்தில் அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

"நீங்க கேக்க வேணா மாப்ள. நீங்க கேட்டு வாங்கிக் குடுத்தா, அது உங்க தயவுல திங்கற சோறு. எனக்கு வரவேண்டியதை நானே கேட்டுக்கறேன்."

அவர் குரல் நடுங்கியது. ஊருக்கெல்லாம் அதட்டிச் சோறு போடுகிற பெண்ணுக்குத் தனக்கென்று ஒரு வாய் கேட்க அவ்வளவு பயம் இருந்தது. எழுந்து பின்பக்கம் நடந்தார். எனக்கு உட்கார்ந்திருக்க முடியவில்லை. நானும் பின்னால் போனேன். இருபத்தேழாவது வரிசையில் மாமனார் தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு, மூடி வரவில்லை, திறந்து கொடு, தொட்டுக்க என்ன இருக்கிறது என்று கையை நீட்டினார். அத்தை நிற்கவில்லை. அவரே திறந்துகொள்ளட்டும் என்று சொல்லிக்கொண்டே தாண்டிப் போனார். பிரவீனா என்னைப் பார்த்துக் கண்ணாலேயே என்ன என்று கேட்டாள். நான் கையை விரித்தேன்.

கடைக்கோடியில், சாமான்கள் அடுக்கிய சின்ன இடத்தில் கோலார்ப் பெண் பெட்டிகளைப் பூட்டிக்கொண்டிருந்தாள். அத்தை கன்னடத்தில் சொன்னார்: தனக்குச் சாப்பாடு வரவில்லை. அந்தப் பெண் திகைத்துப் பட்டியலை எடுத்துப் பார்த்தாள். பதினொன்று சி, டிக் இருந்தது. நான் கேட்டேனே, ஆயிற்று என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்றாள்.

அத்தை அவளையே பார்த்தார். "நீயும்தான் ஆய்த்துன்ன. நீ எப்ப சாப்ட்ட?" என்று இந்தத் தடவை தமிழில் கேட்டார்.

அவளுக்குப் புரிந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். காலை நான்கு மணிக்கு வேலைக்கு வந்தவளாம், இன்னும் ஒன்றும் சாப்பிடவில்லையாம். அவசரமாக ஒரு இழுப்பறையைத் திறந்து பெட்டியை எடுத்தாள். அதிர்ஷ்டம், அது அங்கேதான் இருந்தது. ஆனால் விமானம் இறங்கத் தொடங்கிவிட்டது, பலகையெல்லாம் மடிக்கச் சொல்லப் போகிறார்கள். நேரமில்லை, இங்கேயே நின்று இரண்டு வாய் சாப்பிட்டுவிடுங்கள் அம்மா என்று பெட்டியை நீட்டினாள். நல்ல மனதோடுதான் சொன்னாள்.

அத்தை கையை நீட்டவில்லை.

"நின்னுக்கினு நான் தெனமும்தான் சாப்புடறேன். எடத்துக்குக் கொண்டா கண்ணு."

சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். நானும் அவர் பின்னால் வந்து, இடித்துக்கொண்டு என் சீட்டில் விழுந்தேன். விமானம் டெல்லியில் இறங்கப்போவதாக அறிவித்தார்கள். மூத்த பணிப்பெண் ஒருத்தி எல்லார் பலகையையும் மடிக்க வைத்துக்கொண்டு போனாள். அத்தையும் மடித்தார். இனிமேல் வராது என்றுதான் நினைத்தேன். அத்தை சேலை மடிப்பைச் சரிசெய்தார், விட்டார், திரும்பச் சரிசெய்தார். காது அடைத்தது. அப்போது கோலார்ப் பெண் வேகமாக வந்து, இரண்டு கையாலும் அந்தப் பெட்டியை அத்தை மடியில் வைத்தாள். கரண்டி, கிண்ணத்தில் இனிப்பு, தண்ணீர். தரையைத் தொட்ட பிறகு சாப்பிடுங்கள் அம்மா என்று காதோரம் சொல்லிவிட்டுத் தன் இருக்கைக்கு ஓடினாள். அத்தை பெட்டியின்மேல் இரண்டு உள்ளங்கையையும் வைத்துக்கொண்டார்.

சக்கரம் தரையில் மோதியது. விமானம் ஓடி, வேகம் குறைந்து, எங்கெங்கோ திரும்பித் திரும்பிப் போனது. அத்தை பலகையைப் பிரித்துப் பெட்டியைத் திறந்தார். ஆறிப்போய், வெள்ளையாக, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தது பாஸ்தா. ஒரு வாய் எடுத்து மெதுவாக மென்றார். "உப்பு பத்தல," என்றார். இரண்டாவது வாய் எடுத்தார். நான் பக்கத்தில் பசியோடு உட்கார்ந்திருந்தேன். என் எலுமிச்சை சோறு இருபத்தேழாவது வரிசையில் இருந்தது. எந்த வீட்டில், எந்த நேரத்தில் பார்த்தாலும், மாப்ள சாப்ட்டாரா என்று கேட்காமல் தண்ணீர்கூடக் குடிக்காதவர், அன்றைக்கு என் பக்கம் திரும்பவே இல்லை. எனக்கு அழுகை வந்தது. ஏன் என்று கேட்டால், சந்தோஷம் என்றுதான் சொல்வேன், கொஞ்சம் வெட்கமும்.

விமானம் நின்றதும் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து, பெட்டிகளை இறக்கி, முண்டியடித்தார்கள். பின்னாலிருந்து, பையை எடு, கிளம்பு என்று மாமனார் குரல் கேட்டது. முன்வரிசைகள் காலியாகி நகர ஆரம்பித்தன. தடித்த ஆள் எழுந்து நின்று, என்னை இடித்து, நகரச் சொல்லி இந்தியில் ஏதோ சொன்னார். நான் நகர்ந்தால் அத்தை எழுந்திருக்க வேண்டும். பாதிப் பெட்டி இன்னும் இருந்தது, இனிப்பைத் தொடவே இல்லை.

"இருங்க," என்றேன் தமிழில், கொஞ்சம் சத்தமாகவே. "அவங்க சாப்ட்டுக்கிட்டு இருக்காங்க."

அந்த ஆளுக்குப் புரிந்ததோ இல்லையோ, உட்கார்ந்துவிட்டார். எங்கள் பக்கத்தில் கூட்டம் ஓரமாக ஒதுங்கி ஒதுங்கி நகர்ந்துகொண்டிருந்தது. அத்தை இனிப்புக் கிண்ணத்தை எடுத்து, மேலே ஒட்டியிருந்த தாளை நிதானமாக உரித்தார்.